கோவையிலிருந்து ஒரே நாளில் நீலகிரி: ரயிலில் ஏறி, பஸ்ஸில் இறங்க முழுமையான வழிகாட்டி

மழை விட்ட மறுநாள் காலையில் கோவையின் ஏதாவதொரு மொட்டை மாடியில் நின்று மேட்டுப்பாளையம் பக்கம் பார்த்தால், நீலகிரி தரையிலிருந்து சுவர் போல எழுந்து நிற்பது தெரியும். சுற்றிலும் வெயில் காயும் தாழ்ந்த நிலம், நடுவில் குளிர்ந்த மேடு. உயிரியல் படித்தவர்கள் இத்தகைய மலையுச்சிகளை வானத்தீவு என்கிறார்கள்.

தீவுக்குப் போகிறவர்கள் கரையிலேயே ஒரு கேள்வி கேட்பார்கள்: கடைசிப் படகு எத்தனை மணிக்கு? மலைக்கு வருகிறவர்கள் அதைக் கேட்பதில்லை. குன்னூரில் குடியிருப்பதால் சமவெளிச் சொந்தக்காரர்கள் பலரை வரவேற்று வழியனுப்பியிருக்கிறேன். அவர்கள் பட்ட பாட்டில் பாதிக்கு மேல் இந்த ஒரு கேள்வியைக் கேட்காததால் வந்தது.

இது சொந்த வண்டி இல்லாமல் வருகிறவர்களுக்கான வழி. மேட்டுப்பாளையத்திலிருந்து மலை ரயிலில் குன்னூர், அங்கிருந்து பஸ்ஸில் கோத்தகிரி, கோத்தகிரியிலிருந்து மறுபடி மேட்டுப்பாளையம். வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஒன்பதாம் பகுதியில் சில வரிகள் இருக்கின்றன.

1. முதலில் இறங்கும் நேரத்தைக் குறியுங்கள்

தாளில் முதல் வரியாக எழுத வேண்டியது இதுதான்: மாலை 5 மணிக்குக் கோத்தகிரியிலிருந்து கிளம்புகிறோம். மற்ற எல்லாவற்றையும் இதிலிருந்து பின்னோக்கிக் கணக்கிடுங்கள்.

கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் சுமார் 33 கிலோமீட்டர். பஸ்ஸில் ஒன்றேகால் மணி நேரத்துக்குக் குறையாது. ஐந்து மணிக்குப் புறப்பட்டால் இருட்டுவதற்குள் மலைச்சாலையின் பெரும்பகுதியைக் கடந்துவிடலாம். ஆறரைக்குப் புறப்பட்டால் முழு இறக்கமும் இருட்டில்தான். மூடுபனி இறங்கிவிட்டால் பஸ் ஊர்ந்துதான் போகும்.

இன்னொரு காரணம் யானை. இந்தச் சாலையில் குஞ்சப்பனை, மாமரம் பகுதிகளில் பலாப்பழக் காலத்தில் யானைகள் வரும். சாலையில் யானை நின்றால் இருபுறமும் வண்டிகள் நிற்கும். அது எப்போது விலகும் என்று யாராலும் சொல்ல முடியாது.

2. மாதத்தைத் தேர்ந்தெடுங்கள்

ஏப்ரல், மே இரண்டையும் தவிர்த்துவிடுங்கள். அந்த மாதங்களில் ரயிலில் இடம் கிடைக்காது, சாலையில் வண்டி நகராது, கடையில் உட்கார நாற்காலி இருக்காது.

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தென்மேற்குப் பருவமழை. ஆனால் அது கூடலூர், பந்தலூர், அவலாஞ்சி பக்கம்தான் கொட்டித் தீர்க்கும். தொட்டபெட்டா தொடர் நடுவில் நிற்பதால் கிழக்கே இருக்கும் குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் வந்து சேர்வது பெரும்பாலும் சாரல். 'நீலகிரியில் கனமழை' என்று தொலைக்காட்சி சொன்னதும் பயணத்தை ரத்து செய்வதற்கு முன், மழை எந்தத் தாலுகாவில் என்று பாருங்கள்.

அக்டோபர், நவம்பரில் நிலைமை தலைகீழ். வடகிழக்குப் பருவமழை நேராகக் குன்னூர் சரிவில்தான் மோதும். கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே தண்டவாளத்தில் மண் சரிந்து ரயிலை நிறுத்துவது அந்த மாதங்களில் வழக்கம். டிக்கெட் எடுத்திருந்தாலும் பஸ்ஸில் ஏறுவதற்கு மனத்தைத் தயார் செய்துகொண்டு வாருங்கள்.

டிசம்பர் பிற்பாதி முதல் மார்ச் வரை வானம் தெளிவாக இருக்கும். என்னைக் கேட்டால் பிப்ரவரியில் ஒரு செவ்வாய் அல்லது புதன்.

3. ரயில் டிக்கெட்

மேட்டுப்பாளையத்திலிருந்து மலை ஏறும் ரயில் அன்றாடம் ஒன்றுதான். காலை 7.10க்குப் புறப்பட்டு, பத்தரை மணி வாக்கில் குன்னூருக்கும், நண்பகலில் உதகைக்கும் போய்ச் சேரும். முன்பதிவு 60 நாட்களுக்கு முன் காலை 8 மணிக்குத் திறக்கும். இணையக் கணக்கில் ஆதார் சரிபார்ப்பை முந்தைய வாரமே முடித்துவிடுங்கள். அது இல்லாதவர்கள் முன்பதிவு திறக்கும்போது வேடிக்கைதான் பார்க்க வேண்டியிருக்கும்.

புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் உதகைக்கே தேடுகிறார்கள். நீங்கள் எம்.டி.பி.யிலிருந்து ஓ.என்.ஆர். வரை, அதாவது மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை தேடுங்கள். பல் சக்கரத்தால் ஏறும் பகுதி கல்லாறுக்கும் குன்னூருக்கும் நடுவில்தான் இருக்கிறது. 12 அடி முன்னால் போனால் ஓர் அடி உயரம் ஏறும் செங்குத்து அங்கேதான். நீராவி எஞ்சினும் குன்னூரோடு கழன்றுகொள்ளும். அதற்கு மேல் டீசல் எஞ்சின். பார்க்க வேண்டியதைக் குன்னூருக்குள் பார்த்துவிடுகிறீர்கள், அரை நாளும் மிச்சம்.

காத்திருப்புப் பட்டியலை நம்பிக் கிளம்பாதீர்கள். திருப்பூரிலிருக்கும் என் மச்சான் ஒருமுறை 'வெயிட்டிங் லிஸ்ட் 9, எப்படியும் ஏறிவிடும்' என்று அக்காவையும் இரண்டு பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு விடியற்காலையில் மேட்டுப்பாளையத்தில் வந்து நின்றார். இணையத்தில் எடுத்த டிக்கெட் கடைசி வரை உறுதியாகாவிட்டால் தானாகவே ரத்தாகிவிடும். அதை வைத்துக்கொண்டு பெட்டியில் ஏற முடியாது. இது சிறிய ரயில், பெட்டிகள் நாலைந்துதான். பெரிய ரயில்களில் பட்டியல் நகர்வதுபோல இங்கே நகராது.

முன்பதிவில்லாத டிக்கெட் சிலவற்றை நிலையத்தில் கொடுப்பார்கள். அதற்கு இருட்டிலேயே வந்து வரிசையில் நிற்க வேண்டும். குழந்தைகளோடு வருகிறவர்களுக்கு நான் அதைச் சொல்வதில்லை. இடம் கிடைக்காவிட்டால் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்குப் பஸ்ஸில் ஏறிவிட்டு, குன்னூருக்கும் உதகைக்கும் இடையே பகலில் ஓடும் ரயில்களில் ஒன்றில் கேத்தி வரை போய்வாருங்கள். பல் சக்கரம் இருக்காது, பள்ளத்தாக்கு இருக்கும். அப்படிச் செய்தால் எட்டாம் பகுதியில் வரும் கோடநாடு காட்சிமுனையை விட்டுவிட வேண்டும்.

4. பையில் வைக்க வேண்டியதும் கூடாததும்

பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் கூடாது. ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்கிற்கு நீலகிரியில் தடை இருக்கிறது, சோதனைச் சாவடியில் பையைத் திறந்து பார்ப்பார்கள். எவர்சில்வர் பாட்டில் ஆளுக்கொன்று கொண்டுவாருங்கள். ஊருக்குள் குடிநீர் ஏ.டி.எம். இருக்கிறது, நாணயம் போட்டுப் பிடித்துக்கொள்ளலாம். அதனால் சில்லறையும் வேண்டும்.

ஸ்வெட்டரைப் பையின் அடியில் வைக்காதீர்கள். மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து 326 மீட்டர், குன்னூர் 1,711 மீட்டர். ஆயிரம் மீட்டருக்கு ஆறேழு டிகிரி வெப்பம் குறையும் என்பது பொதுக் கணக்கு. மூன்று மணி நேரத்தில் ஒன்பது டிகிரி இறங்கிவிடும். ரன்னிமேடு நிலையம் தாண்டும்போது பிள்ளைகள் நடுங்க, அம்மாக்கள் மடியில் மூட்டையைப் பிரித்துத் தேடுவதை ஒவ்வொரு பயணத்திலும் பார்க்கலாம்.

குடை ஒன்று. வழுக்காத செருப்பு அல்லது ஷூ. வளைவுகளில் தலை சுற்றுகிறவர்களுக்கு மாத்திரை, ஏறுவதற்கு அரை மணி முன்னால். இந்த உயரத்தில் மூச்சு முட்டுவதெல்லாம் சாதாரணமாக ஆரோக்கியமானவர்களுக்கு வராது. ஆளைப் படுத்துவது வளைவுதான்.

5. விடியலில் மேட்டுப்பாளையம்

கோவையில் மேட்டுப்பாளையம் சாலையில் உள்ள புதிய பஸ் நிலையத்துக்கு அதிகாலை நாலரைக்கு வந்துவிடுங்கள். தூரம் என்னவோ முப்பத்தைந்து கிலோமீட்டர் சொச்சம்தான். ஆனால் ஆறேகாலுக்குள் மேட்டுப்பாளையம் ரயில் நிலையத்தில் இருக்க வேண்டும்.

சென்னையிலிருந்து வரும் நீலகிரி எக்ஸ்பிரஸ் கோவையைத் தொட்டுக்கொண்டு மேட்டுப்பாளையத்துக்கு வந்து, மலை ரயிலுக்கு இணைப்பாக அமைகிறது. அதில் கோவையிலிருந்தும் ஏறலாம். ஆனால் அது தாமதமானால் உங்கள் கையில் ஒன்றும் இல்லை. பகலில் ஓடும் கோவை–மேட்டுப்பாளையம் உள்ளூர் ரயிலை இதற்காக நம்ப வேண்டாம். அது புறப்படும் நேரத்தில் மலை ரயில் மலையில் இருக்கும்.

காலைச் சாப்பாடு இரண்டு இட்லி போதும். மேட்டுப்பாளையத்தில் வடை, பொங்கல் என்று நிறைத்துக்கொண்டு ஏறியவர்களின் கதையை இங்கே எழுதுவது நாகரிகமில்லை.

6. ரயிலில்

இருக்கையில் உட்காரும் முன் எஞ்சின் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். பின்னால் இருக்கும். ஏற்றத்தில் இந்த ரயிலைத் தள்ளித்தான் கொண்டுபோகிறார்கள், ஏதாவது கழன்றாலும் பெட்டிகள் கீழே உருண்டு ஓடாமல் எஞ்சின் தாங்கிக்கொள்ளும் என்பதற்காக. ஒவ்வொரு பெட்டியின் முகப்பிலும் ஒரு பணியாளர் பச்சைக் கொடியும் சிவப்புக் கொடியுமாக நின்று, பின்னாலிருக்கும் ஓட்டுநருக்குச் சைகை காட்டுவார். பிரேக் பிடிப்பவரும் அவரே. அவரோடு பேச்சுக் கொடுக்க வேண்டாம்.

கல்லாறு வரை பாக்குத் தோப்புகளுக்கு நடுவே சமதளம். கல்லாறில் நிற்கும்போது ஜன்னலில் தலை நீட்டாமல் காதைக் கொடுங்கள். ரயில் புறப்பட்டுக் கொஞ்ச தூரத்தில் அடியில் 'கடக்' என்று ஒரு சத்தம் கேட்கும். தண்டவாளங்களுக்கு நடுவே பதித்திருக்கும் பல்வரிசையை எஞ்சினின் பல் சக்கரம் கவ்விக்கொள்ளும் இடம் அது. அதன் பிறகு வேகம் மணிக்குப் பதிமூன்று கிலோமீட்டர் அளவுக்கு இறங்கிவிடும், சைக்கிள்காரர் மிதிக்கிற வேகம்.

ஹில்குரோ நிலையத்தில் எஞ்சினுக்குத் தண்ணீர் பிடிப்பார்கள். எல்லோரும் இறங்கி நிற்பார்கள். குரங்குகள் உங்களைவிட முன்பே வந்து காத்திருக்கும். கையில் தின்பண்டப் பொட்டலம் வைத்துக்கொண்டு இறங்காதீர்கள். என் சித்தி ஒருமுறை கைப்பையைத் திறந்து பிஸ்கட்டை எடுத்தார். அடுத்த நொடி பிஸ்கட்டும் இல்லை, மூக்குக் கண்ணாடியும் இல்லை. பிஸ்கட் போனது கூரைக்கு, கண்ணாடி போனது பள்ளத்துக்கு. மீதி நாள் முழுக்க எது வந்தாலும் 'என்னடா அது, என்னடா அது' என்று கேட்டுக்கொண்டே வந்தார்.

விசில் ஊதியதும் ஏறிவிடுங்கள். அடுத்த ரயில் நாளைக்குத்தான்.

7. குன்னூரில் இரண்டு மணி நேரம்

நிலையத்தை விட்டு வெளியே வந்தால் பஸ் நிலையம் நடக்கும் தூரம்தான். இடம் பார்க்கக் கிளம்பும் முன் அங்கே போய், டைம் கீப்பர் அறையில் ஒரு கேள்வி: 'அண்ணா, கோத்தகிரிக்குப் பன்னிரண்டரை வாக்கில் எந்த வண்டி? கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையத்துக்குச் சாயங்காலம் எதெது?' அவர் சொல்லும் நேரங்களைக் கைப்பேசியில் குறித்துக்கொள்ளுங்கள். இணையத்தில் கிடைக்கும் மலைப் பஸ் நேரங்கள் எந்த ஆண்டுக்கானவை என்பது அதைப் போட்டவருக்கே நினைவிருக்காது.

அடுத்து ஒரு டீயும் வர்க்கியும். வர்க்கியை டீயில் நனைத்துச் சாப்பிட வேண்டும். வெறுமனே கடித்தால் பாதி சட்டையில்தான் விழும்.

பிறகு சிம்ஸ் பூங்கா, பஸ் நிலையத்திலிருந்து சுமார் மூன்று கிலோமீட்டர். வாசல் மேட்டிலும் குளம் பள்ளத்திலும் இருக்கின்றன. இறங்கும்போது சுகமாக இருக்கும், திரும்பி ஏறும்போதுதான் முழங்கால் கணக்குக் கேட்கும். முழங்கால் வலி உள்ளவர்கள் மேல்தளப் பாதையிலேயே சுற்றலாம். ருத்திராட்ச மரம் ஒன்று அங்கே நிற்கிறது. பெரியவர்களுக்கு அதைக் காட்டினால் கூட்டம் பத்து நிமிடம் அமைதியாகும்.

புதரிலிருந்து யாரோ விடாமல் சிரிப்பதுபோல ஒரு குரல் கேட்டால் நின்று கேளுங்கள். நீலகிரிச் சிரிப்பான் என்ற பறவை. உலகில் இந்த மலைத்தொகுதியைத் தவிர வேறெங்கும் இல்லை. பாலக்காட்டுக் கணவாய்க்குத் தெற்கே பழனி மலையில் சிரிப்பது இதன் பங்காளி, வேறொரு இனம். குளிரில் வாழும் பறவையால் நடுவிலுள்ள சூடான பள்ளத்தைக் கடக்க முடியாது. வானத்தீவு என்று முதலில் சொன்னேனே, அது இதுதான்.

டால்பின் நோஸ், லாம்ப்ஸ் ராக் என்ற காட்சிமுனைகள் இரண்டும் இதே நாளில் வேண்டாம். குன்னூரிலிருந்து டால்பின் நோஸ் 12 கிலோமீட்டர், போக வர, நிற்க என்று இரண்டு மணி நேரத்தை விழுங்கிவிடும். அதைத்தான் பார்க்க வேண்டும் என்றால் கோடநாட்டை விடுங்கள். இரண்டையும் இழுத்துப்போட்டுக்கொண்ட எவரும் ஐந்து மணிக்குக் கோத்தகிரியில் இருந்ததில்லை.

8. கோத்தகிரியும் கோடநாடும்

குன்னூரிலிருந்து கோத்தகிரி இருபது கிலோமீட்டர் சொச்சம், முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம். வழி நெடுகத் தேயிலை. மதியச் சாப்பாட்டைக் கோத்தகிரி பஸ் நிலையத்தைச் சுற்றியே முடித்துக்கொள்ளுங்கள். மேலே கோடநாட்டில் சோற்றுக்கு உத்தரவாதம் இல்லை.

சாப்பிட்டு எழுந்ததும் கிழக்கே பாருங்கள். பனிமூட்டம் இருந்தால் கோடநாடு போகாதீர்கள். காட்சிமுனை 18 கிலோமீட்டர் தள்ளி, மலையின் விளிம்பில் இருக்கிறது. மூடியிருந்தால் வெள்ளைத் துணியைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். தெளிவாக இருந்தால் கீழே மாயாற்றுப் பள்ளத்தாக்கு, தூரத்தில் பவானிசாகர் நீர்த்தேக்கம், பக்கவாட்டில் ரங்கசாமி மலை என்று எல்லாம் ஒரே பார்வையில் விழும். உங்களைச் சுமந்துகொண்டிருக்கும் மேடு எவ்வளவு செங்குத்தாக முடிகிறது என்பதும் அங்கேதான் தெரியும்.

பஸ் குறைவு. நடத்துனரிடம் ஏறும்போதே 'இதே வண்டி எப்போது திரும்பும்?' என்று கேளுங்கள். நேரம் ஒத்துவராவிட்டால் வாடகை வண்டி பேசுங்கள். காத்திருக்கும் நேரத்தையும் சேர்த்துக் கூலி பேச வேண்டும். இல்லாவிட்டால் திரும்பும்போதுதான் தகராறு.

கோடநாடு போகாதவர்கள் டவுனிலேயே உட்கார்ந்து டீத்தூள் வாங்கலாம். சிலர் லாங்வுட் சோலைக்குப் போகக் கேட்பார்கள். 116 ஹெக்டேர் காடு, 2024இல் ராம்சார் பட்டியலில், அதாவது உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் பட்டியலில் சேர்ந்தது, பல கிராமங்களுக்குத் தண்ணீர் தருவது. ஆனால் வனத்துறை அனுமதி முன்கூட்டியே வேண்டும். போகிறபோக்கில் நுழையும் பூங்கா அல்ல.

வழியில் காட்டுமாடு நின்றால் நில்லுங்கள். தேயிலைத் தோட்டத்தில் பசுபோல மேய்ந்துகொண்டிருக்கும், ஓர் ஆள் உயரம், முட்டிக்குக் கீழே வெள்ளைச் சாக்ஸ் போட்டதுபோல இருக்கும். சாதுவாகத் தெரிவதுதான் ஆபத்து. அதற்கும் அதன் கன்றுக்கும் நடுவே போய் நின்று படம் எடுக்க முயன்றவர்களை மருத்துவமனையில் பார்த்திருக்கிறேன். அது தலையைத் தாழ்த்தி மூச்சுவிட்டால் திரும்பி ஓடாமல் பின்னுக்கே நடந்து விலகுங்கள்.

9. சொந்த வண்டியில் வந்தே தீருவேன் என்பவர்களுக்கு

இ-பாஸ் எடுங்கள். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே 7 முதல் நடைமுறையில் இருக்கிறது. வண்டி எண், ஆட்களின் எண்ணிக்கை, தேதி ஆகியவற்றை இணையத்தில் பதிவு செய்தால் கிடைக்கும், கட்டணம் இல்லை. 2025 கோடையில் நாளொன்றுக்கு 6,000 வண்டிகள், வார இறுதியில் 8,000 என்று வரம்பும் வைத்தார்கள். சாவடிக்கு வந்த பிறகு கைப்பேசியில் தட்டிக்கொண்டு நிற்காதீர்கள். பின்னால் நிற்பவர்களின் ஹாரன் உங்கள் காதுக்குத்தான். அரசு பஸ்ஸுக்கும் ரயிலுக்கும் இந்தத் தொல்லையே இல்லை.

கோடையில் குன்னூர் வழியாக ஏற்றம், கோத்தகிரி வழியாக இறக்கம் என்று ஒருவழியாக்கிவிடுவார்கள்.

இறக்கத்தில் இரண்டாம் கியர். பிரேக்கை மட்டும் மிதித்துக்கொண்டே இறங்கினால் அது சூடேறிப் பிடிப்பை இழக்கும், கருகிய வாடை வரும். வாடை வந்தால் அகலமான இடத்தில் ஒதுக்கி நிறுத்தி ஆறவிடுங்கள். சக்கரத்தில் தண்ணீர் ஊற்றாதீர்கள். சூடான இரும்பு விரிசல் விடும். ஏறி வரும் வண்டிக்கு வழிவிடுவது மலைச்சாலையின் வழக்கம்.

10. இறக்கம்

கோத்தகிரி பஸ் நிலையத்துக்கு நாலே முக்காலுக்கு வந்துவிடுங்கள். ஞாயிறு மாலைகளில் வண்டி நிரம்பியே வரும். முதல் வண்டியில் இடமில்லாவிட்டால் அடுத்ததில் ஏற நேரம் இருக்க வேண்டும்.

பஸ்ஸின் முன் பாதியில் உட்காருங்கள். கடைசி வரிசையில் ஒவ்வொரு வளைவும் இரண்டு மடங்காகத் தெரியும். வாந்தி வருகிறவரை ஜன்னலோரம் வைத்து, கைப்பேசியை வாங்கிக்கொண்டு, தூரத்து மலையைப் பார்க்கச் சொல்லுங்கள். கண் திரையில் நிற்க, உடம்பு ஆடினால்தான் குமட்டல் கூடும்.

அரவேனு தாண்டியதும் காது அடைக்கத் தொடங்கும். எச்சில் விழுங்கினால் விட்டுவிடும். கைக்குழந்தை காரணமின்றி அழுதால் இதுவாகத்தான் இருக்கும், பால் கொடுங்கள்.

குஞ்சப்பனை சாவடிக்குக் கீழே வெக்கை முகத்தில் அடிக்கும்போது பஸ் முழுக்க ஒரே நேரத்தில் ஸ்வெட்டரைக் கழற்றுவார்கள். அந்தக் கலவரத்தில் எங்கள் அத்தை சுருக்குப்பையை இருக்கையிலேயே விட்டுவிட்டு இறங்கியிருக்கிறார். மேட்டுப்பாளையத்தில் இறங்கும் முன் இருக்கைக்கு மேலும் கீழும் ஒருமுறை பாருங்கள். கோவை பஸ் அங்கேயே நிற்கும். அதற்கு அவசரப்பட வேண்டியதில்லை, அடிக்கடி உண்டு.